பெற்றோரைத் தேர்ந்தெடுக்க முடியாத பிள்ளைகளுக்கு

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சான புத்தகங்கள் அளவில் மிகச் சிறியவை. ஒரு முழுத்தாளை எட்டு ஏடாக மடித்துத் தைத்தால் என்ன அளவு வருமோ அதுதான். ஒரு கைக்குள் அடங்கிவிடும். அச்சுக்கூடத்திலிருந்து அவை பெரும்பாலும் கட்டப்படாத தாள்களாகவே விற்பனைக்கு வந்தன. வாங்குகிறவர் பைண்டரிடம் கொடுத்துத் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்வார். ஜெர்மன் நாடுகளில் மெல்லிய மரப்பலகைமேல் வெளிறிய பன்றித்தோலைப் போர்த்தி, சூடேற்றிய அச்சால் கொடியும் உருவங்களும் பதித்து, உலோகக் கொக்கி மாட்டுவார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பழுப்புக் கன்றுத்தோல் வழக்கம். காசு குறைவென்றால் செம்மறித்தோல். இலக்கணம், பழமொழித் திரட்டு, ஒழுக்க நூல் என்று மூன்று நான்கு சிறு புத்தகங்களை ஒரே கட்டாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

அப்படித் தோல் கட்டுக்குள் நுழைந்து பிள்ளைகளின் கைக்குப் போன நூல்களில் மிக அதிகமாகப் பயணம் செய்தவற்றுள் ஒன்று ‘டி சிவிலிடாட்டே மோரும் புயெரிலியும்’. சிறுவர்களின் நன்னடத்தை பற்றிய சின்ன லத்தீன் நூல். 1530-இல் வெளியானது. எழுதியவர் எராஸ்மஸ்.

எராஸ்மஸுக்கு அப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை 1516-இல் அச்சில் கொண்டுவந்தவர். ‘மடமையின் புகழ்’ எழுதியவர். அரசர்களும் போப்பாண்டவர்களும் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்ட அறிஞர். 1529-இல் பாசல் நகரம் சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் சாய்ந்ததும், அங்கிருந்து வெளியேறி அருகிலிருந்த ஃபிரைபர்க் நகரில் குடியேறியிருந்தார். உடல்நலம் சரியில்லை. கத்தோலிக்கரும் லூத்தர் பக்கத்தவரும் ஒருசேர அவரைச் சந்தேகித்த காலம் அது. அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து எழுதியது, ஒரு சிறுவன் மூக்கை எப்படிச் சிந்த வேண்டும், முட்டையை எப்படி உடைத்துத் தின்ன வேண்டும், படுக்கையில் பக்கத்தில் கிடப்பவனைத் தொந்தரவு செய்யாமல் எப்படித் தூங்க வேண்டும் என்பதைப் பற்றி.

நூல் யாருக்குச் சமர்ப்பணமானது என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. நெதர்லாந்தின் வேரே பகுதிப் பிரபுவான அடால்ஃபின் மகன் ஹென்றி என்ற சிறுவனை நோக்கி எழுதப்பட்டது இது. இளம் வயதில் கையில் காசில்லாமல் அலைந்துகொண்டிருந்த எராஸ்மஸுக்கு உதவிக் கை நீட்டியவர்களில் ஒருவர் அடால்ஃபின் தாய், வேரேயின் சீமாட்டி அன்னா. அடால்ஃப் சிறுவனாக இருந்தபோது அவனுக்கும் எராஸ்மஸ் ஓர் அறிவுரைக் கட்டுரை எழுதித் தந்திருந்தார். முப்பது ஆண்டு கழித்து அவன் மகனுக்கு இது. ஆனால் முதல் பக்கத்திலேயே அவர் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். அரண்மனையில் பிறந்து வளரும் ஹென்றிக்கு இந்த விதிகள் தேவையே இல்லை. உயர்குடிப் பிள்ளை ஒருவனுக்கு இவை சமர்ப்பணமானதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஆவலோடு கற்றுக்கொள்வார்கள். அதற்காகத்தான் அவன் பெயர்.

இந்த நூலை மேலோட்டமாகப் புரட்டுகிறவர்கள் இதை மேல்தட்டு மக்களின் ஆசாரக் கையேடு என்று ஒதுக்கிவிடுவார்கள். இதைவிடப் பெரிய தவறு இந்த நூல் விஷயத்தில் செய்ய முடியாது. பிறப்பு கொடுக்காததைப் பழக்கத்தால் பெறலாம் என்று பிள்ளைகளிடம் நேரடியாகச் சொன்ன நூல் இது. எந்த விதியைப் படித்தாலும் அந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஏழு பகுதிகள். உடல், உடை, கோவில், விருந்து, பிறரைச் சந்தித்தல், விளையாட்டு, படுக்கையறை என்று வரிசை. முதலில் கண். பார்வை அமைதியாக இருக்க வேண்டும். முறைத்தலும் கூடாது, அலைபாய்தலும் கூடாது. மனத்தின் இருப்பிடம் கண் என்பது பழையோர் கருத்து என்று காரணம் காட்டுகிறார். அடுத்து மூக்கு. தொப்பியாலோ அங்கியாலோ துடைப்பது பட்டிக்காட்டுப் பழக்கம். முழங்கையால் துடைப்பது கருவாட்டு வியாபாரிகளின் பழக்கம். கையால் சிந்தி அந்தக் கையை உடையில் தடவுவதும் அதைவிட மேலல்ல. கைக்குட்டையால் துடைப்பதே முறை. பெரியவர்கள் எதிரில் இருந்தால் சற்றுத் திரும்பிக்கொள்ள வேண்டும். விரலால் சிந்தி ஏதாவது தரையில் விழுந்தால் உடனே காலால் தேய்த்துவிட வேண்டும். பல் துலக்கப் பொடி எதுவும் வேண்டாம், காலையில் சுத்தமான தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும். தலை வார வேண்டும், அதற்காகப் பெண்களைப் போல அலங்காரம் தேவையில்லை.

வயிற்றில் சேரும் வாயுவை என்ன செய்வது என்பதையும் அவர் விடவில்லை. நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக அடக்கிக்கொண்டு நோயை வரவழைத்துக்கொள்வது அறிவீனம். ஒதுங்கிப் போக முடிந்தால் போகலாம். முடியாவிட்டால் இருமலில் ஒலியை மறைக்கலாம். சிறுநீரை அடக்குவதும் உடம்புக்குக் கெடுதி. பிள்ளையின் உடல்நலத்தையும் மற்றவர்களின் சங்கடத்தையும் அருகருகே வைத்து, இரண்டு பக்கமும் நியாயம் செய்யும் ஒரு முதியவரின் குரல் இது. உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படாத குரலும்கூட. யாரும் பார்க்காத தனிமையிலும் தேவதூதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். அதைச் சொல்லும்போதும் பயமுறுத்தவில்லை; சிறுவனிடம் உள்ள அடக்கத்தை அவர்கள் விரும்புகிறார்கள் என்றுதான் சொல்கிறார்.

விருந்துப் பகுதிதான் எல்லாவற்றிலும் வளமானது. அன்றைய மேசையில் ஆளுக்கொரு முள்கரண்டி கிடையாது. நடுவில் இருக்கும் பெரிய தட்டிலிருந்து எல்லாரும் கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள். கிண்ணமும் கத்தியும் வலப்பக்கம், ரொட்டி இடப்பக்கம். தட்டு வந்ததும் முதல் ஆளாகக் கையை விடக் கூடாது. மூன்று விரலால் எடுக்க வேண்டும். நல்ல துண்டு எங்கே என்று தட்டைத் துழாவக் கூடாது. எண்ணெய் படிந்த விரலை நக்கவோ அங்கியில் துடைக்கவோ கூடாது. மென்றதை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கக் கூடாது. எலும்பை நாயைப்போலக் கடிக்காமல் கத்தியால் சுரண்டித் தின்ன வேண்டும். கரண்டியில் யாராவது ஏதாவது கொடுத்தால், சுவைத்தபின் அதைத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும்.

இந்த விதிகளுக்கு நடுவே பெரியவர்களை நோக்கியும் அவர் திரும்புகிறார். பிள்ளைகளைப் பட்டினி போடுவது பைத்தியக்காரத்தனம். அளவில்லாமல் ஊட்டித் திணிப்பதும் அதே அளவு பைத்தியக்காரத்தனம். நள்ளிரவு வரை நீளும் விருந்தில் சிறுவர்களைக் கட்டாயமாக உட்காரவைப்பவர்களுக்குப் பிள்ளைகள்மேல் அன்பே இல்லை. சாப்பிட்டு முடித்த சிறுவன் வணக்கம் சொல்லி எழுந்து போய்விடலாம். சிறுவர்களுக்கான நடத்தை விதிகளைப் பட்டியலிடும் ஒரு நூலில், சிறுவர்கள் சார்பாகப் பெரியவர்களைக் கண்டிக்கும் இந்த வரிகள் எவ்வளவு அருமையானவை! பிற்காலத்து அறிவுரை நூல்கள் பலவற்றில் இந்தக் குரலைத் தேடினாலும் கிடைக்காது.

விளையாட்டைப் பற்றிய பகுதி சுருக்கமானது. ஒருவனுடைய இயல்பு விளையாட்டில்தான் வெளிப்படும் என்பதால் ஏமாற்று கூடாது, சண்டை கூடாது. தன்னைவிடத் திறமை குறைந்தவனோடு ஆடும்போது, எப்போதும் தானே ஜெயிக்க முடியும் என்றாலும், சில சமயம் அவனை ஜெயிக்கவிட வேண்டும். அப்போதுதான் ஆட்டம் இருவருக்கும் இனிக்கும்.

இனி, நூலின் கருவுக்கு வரலாம். உயர்ந்த குலத்தில் பிறந்தவன் அதற்கேற்ற நடத்தை இல்லாமல் இருப்பது அவமானம் என்று சொல்லும் எராஸ்மஸ், உடனே மறுபக்கம் பார்க்கிறார். எளிய குடும்பத்திலோ கிராமத்திலோ பிறந்தவர்கள், விதி மறுத்ததை நன்னடத்தையால் ஈடுசெய்ய இன்னும் அதிகமாக முயல வேண்டும். பெற்றோரையோ பிறந்த நாட்டையோ யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அறிவையும் குணத்தையும் ஒவ்வொருவரும் தாமே செதுக்கிக்கொள்ள முடியும். முன்பகுதியில் இதே எண்ணம் வேறொரு வடிவில் வருகிறது. மற்றவர்கள் கேடயத்தில் சிங்கமும் கழுகும் காளையும் தீட்டிக்கொள்ளட்டும். கற்ற கலைகள் எத்தனையோ அத்தனையையும் தன் சின்னமாகத் தீட்டிக்கொள்ள முடிந்தவனே மெய்யான உயர்குடி என்கிறார். ஒரு பிரபுவின் மகனுக்குச் சமர்ப்பணமான நூலில் இதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

அந்த வரிகளை எழுதிய கை யாருடையது என்று நினைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும். எராஸ்மஸின் தந்தை ஒரு பாதிரியார். திருமணத்துக்கு அனுமதி இல்லாதவர். தாய் மார்கரெட், ஒரு வைத்தியரின் மகள். திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அன்றைய திருச்சபைச் சட்டத்தில் பல கதவுகள் மூடியிருந்தன. பதின்ம வயதில் இருக்கும்போதே தாயும் தந்தையும் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துவிட்டார்கள். காப்பாளர்கள் அவரை மடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறப்பின் குறையால் வந்த தடைகளை நீக்கும் அனுமதியை 1517-இல்தான் போப்பாண்டவர் பத்தாம் லியோ வழங்கினார். அப்போது எராஸ்மஸின் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. பெற்றோரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற சொற்கள் அவருக்குப் பொது உண்மை அல்ல, சொந்த வாழ்க்கை.

நூலின் பரவல் பிரமிக்கவைப்பது. சமூகவியலாளர் நார்பர்ட் எலியாஸ் தரும் கணக்குப்படி, வெளியான முதல் ஆறு ஆண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள். மொத்தத்தில் 130-க்கும் மேல். அவற்றில் பதின்மூன்று பதினெட்டாம் நூற்றாண்டில்கூட வந்தவை. 1532-இல் லண்டனில் ராபர்ட் விட்டிங்டன் இதை ஆங்கிலத்தில் தந்தார். லத்தீனும் ஆங்கிலமும் ஒரே நூலில் இருந்ததால் பிள்ளைகள் மேசை நாகரிகத்தோடு லத்தீனையும் சேர்த்துப் படித்தார்கள். கொலோன் நகரில் கிஸ்பெர்ட் லாங்கோலியஸ் என்ற ஆசிரியர் விளக்கக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். 1537-இல் பியேர் சாலியாவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது. வினா-விடை வடிவிலும் மாற்றினார்கள். கத்தோலிக்கப் பள்ளியும் புராட்டஸ்டன்ட் பள்ளியும் ஒரே நூலைக் கையில் எடுத்துக்கொண்ட அதிசயம், மதப் போர்களின் அந்த நூற்றாண்டில் நடந்தது.

ரோம் அதை நீடிக்கவிடவில்லை. போப்பாண்டவர் நான்காம் பவுல் 1559-இல் வெளியிட்ட தடைநூல் பட்டியலில் எராஸ்மஸின் எல்லா நூல்களும் இடம்பெற்றன. மூக்கு சிந்தும் விதிகளும் அந்த ‘எல்லா’வுக்குள் அடங்கும். பெயர் ஆபத்தானதாக ஆனாலும் விதிகள் தேவைப்பட்டன. ஏறக்குறைய அதே ஆண்டில் பாரிசில் கால்வியாக் என்பவர் சிறுவர்களுக்கான நடத்தை நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் எராஸ்மஸின் விதிகள் பல அப்படியே வந்திருக்கின்றன. அதோடு ஜெர்மானியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவரும் மேசையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற ஒப்பீடும் உண்டு. இத்தாலியர் முள்கரண்டி பிடிப்பதையும் அவர் குறிப்பிடுகிறார்.

கால்வியாக்கின் நூலுக்கு இன்னொரு சிறப்பு அதன் எழுத்து. லியோன் நகரத்து எழுத்துவார்ப்பாளர் ரோபேர் கிரான்ஜோன் 1557-இல் புதிய அச்செழுத்து ஒன்றை உருவாக்கியிருந்தார். இத்தாலியர்களுக்குச் சாய்வெழுத்து இருப்பதுபோல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் தம் கையெழுத்தை ஒத்த ஓர் அச்செழுத்து வேண்டும் என்பது அவர் ஆசை. வளைவும் கொக்கியும் நிறைந்த, பார்த்தவுடன் கையால் எழுதியது போலத் தோன்றும் எழுத்து அது. சிறுவர்களின் நடத்தை நூல்களை அதில் அச்சிடுவது வழக்கமாகி, அந்த எழுத்துக்கே ‘சிவிலிட்டே’ என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் அச்செழுத்து வரலாற்றில் அதற்கு அதுதான் பெயர்.

இந்த வழக்கம் இருநூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது அலங்காரத்துக்காக அல்ல. ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் என்ற பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ரெய்ம்ஸ் நகரில் கைத்தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். லத்தீனில் தொடங்காமல் தாய்மொழியான பிரெஞ்சிலேயே வாசிக்கக் கற்பித்தது அந்தப் பள்ளிகளின் பெரிய மாற்றம். 1703-இல் அவர் கிறிஸ்தவ நன்னடத்தை பற்றி ஒரு நூல் எழுதி, அதை அதே சிவிலிட்டே எழுத்தில் அச்சிட்டார். வாசிப்பு வகுப்புகளின் வரிசையில் அந்த நூல் கிட்டத்தட்டக் கடைசிப் படி. அச்செழுத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்த மாணவனுக்குக் கையெழுத்துப் போன்ற எழுத்தில் அச்சான இந்த நூலைத் தருவார்கள். அதை வாசிக்கப் பழகியபின், உண்மையான கையெழுத்துப் பத்திரங்கள்: ரசீது, ஒப்பந்தம், நிலப் பத்திரம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே படித்துப் பார்க்க முடிந்த ஒரு செருப்புத் தைப்பவரின் மகனை ஏமாற்றுவது கடினம். நன்னடத்தை நூல் ஒன்று ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்திருக்க முடியாது.

ஆனால் டி லா சாலின் நூலில் குரல் மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எராஸ்மஸ் உடல்நலத்தைக் காரணம் காட்டிய இடங்களில் இங்கே கடவுளின் பார்வையும் அடக்கமும் காரணமாகின்றன. உடம்பின் சில பகுதிகளைப் பற்றிப் பேசுவதே தகாத செயலாகிறது. எலியாஸ் இந்த நூலின் 1729, 1774 பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டிருக்கிறார். முதலாவதில் விரிவாக இருக்கும் சில விஷயங்கள் பின்னதில் ஓரிரு வரியாகச் சுருங்கிவிடுகின்றன. அரை நூற்றாண்டுக்குள் பேச்சே கூச்சத்துக்குரியதாகிவிட்டது.

இந்த நூல்கள் யாரைச் சேரவில்லை என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. எராஸ்மஸின் தலைப்பே சிறுவர்களை, ஆண்பிள்ளைகளை, நோக்கியது. தம் நண்பர் தாமஸ் மோரின் மகள் மார்கரெட்டின் புலமையை மனதாரப் போற்றியவர் அவர். இருந்தும் பெண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நூல் எழுதவில்லை. அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்த எல்லை இன்னும் கொடியதாகத் தெரிகிறது. வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் பதினாறு வயது நிரம்புவதற்குள் 110 நடத்தை விதிகளைத் தன் பயிற்சி ஏட்டில் நகலெடுத்தார். அவற்றின் வேர் 1595-இல் பிரெஞ்சு ஜெசூட் துறவிகள் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஒரு தொகுப்பு. ஆங்கிலத்தில் அதைக் கொண்டுவந்தது பிரான்சிஸ் ஹாக்கின்ஸ் என்ற சிறுவனின் பெயரில் வந்த மொழிபெயர்ப்பு. எராஸ்மஸ் தொடங்கிவைத்த மரபின் ஒரு கிளை. பதினொரு வயதில் தந்தையை இழந்து, மூத்த அண்ணன்களுக்குக் கிடைத்த இங்கிலாந்துப் படிப்பு தனக்குக் கிடைக்காமல் போன பையன் அந்த விதிகளைக் கைவலிக்க எழுதினான். அதே தந்தையின் உயிலின்படி அவனுக்கு அடிமைகளும் சொத்தாக வந்து சேர்ந்தார்கள். அந்த அடிமைகளின் பிள்ளைகள் கையில் யாரும் எந்த ஏட்டையும் கொடுக்கவில்லை.

இத்தனை ஆயிரம் படிகள் அச்சாகியும் எஞ்சியவை குறைவு. பள்ளிப் புத்தகத்தின் தலைவிதி அது. தினமும் கையில் புழங்கி, ஓரம் கிழிந்து, தையல் விட்டு, கடைசியில் பழைய காகிதமாகப் போய்விடும். சிறு பள்ளி நூல்கள் பலவற்றின் சில பதிப்புகள் இன்று உலகில் ஒன்றிரண்டு படிகளாகவே கிடைக்கின்றன. தப்பிப் பிழைத்தவற்றில் பெரும்பங்கு, பெரிய நூல்களோடு சேர்த்துத் திடமான தோலில் கட்டப்பட்டவை. தோல்தான் காப்பாற்றியது.

அந்தக் காலத்துத் தோல் அவ்வளவு நீடித்ததற்குக் காரணம் அவசரப்படாத வேலை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து முடியைச் சுரண்டி எடுத்து, ஓக் மரப்பட்டை ஊறிய குழிகளில் மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். பன்றித்தோலுக்குப் பட்டை இல்லை, படிகாரமும் உப்பும். அதனால்தான் அது வெளுத்தே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. பழைய புத்தகங்களின் தேய்ந்த கட்டைப் பிரித்துப் புதுத்தோல் போடும் ஆர்வம் சேகரிப்பாளர்களிடம் பெருகியது. புதுத்தோலோ சில பத்தாண்டுக்குள் செம்பொடியாக உதிரத் தொடங்கியது. காரணம் தேடி லண்டன் கலைச் சங்கம் அமைத்த குழு 1901-இல் அறிக்கை தந்தது. வாயு விளக்கின் புகை, சாயமேற்றும்போது சேரும் அமிலம் ஆகியவற்றோடு அது குற்றம் சாட்டிய இன்னொன்று, கிழக்கிந்தியாவிலிருந்து பதனிட்டு வந்த ஆட்டுத்தோல். சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் உகந்தது, விலையும் மலிவு. அதனால் லண்டன் பைண்டர்கள் அதைப் புத்தகங்களுக்கும் போட்டார்கள். ஆவாரம்பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து புகையையும் ஒளியையும் ஈர்த்துச் சீக்கிரம் சிதையும் வகையைச் சேர்ந்தது. பதனிட்டவர்கள் வேலையில் குறை இல்லை. அந்தத் தோல் புத்தக அலமாரிக்காகச் செய்யப்பட்டதல்ல. பழம்புத்தகங்களைப் பேணுவோர் இன்று மூலக் கட்டு எவ்வளவு நைந்திருந்தாலும் அதைப் பிரிக்க மறுப்பதன் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

எராஸ்மஸின் நூலோ நெடுநாள் மறதியில் கிடந்தது. பள்ளிகளிலிருந்து மறைந்தபின் 1877-இல் பாரிசில் அல்சீட் பொன்னோ லத்தீனும் பிரெஞ்சுமாக அதை மறுபடி வெளியிட்டார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அதற்கு மறுவாழ்வு தந்தவர் எலியாஸ். 1933-இல் ஜெர்மனியை விட்டுத் தப்பிய யூதர். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையில் உட்கார்ந்து பழைய நடத்தை நூல்களைப் படித்துத் தம் பெருநூலை எழுதினார். ‘நாகரிகமாதல்’ பற்றிய அந்த ஆய்வு 1939-இல் பாசல் நகரில் அச்சானது. எராஸ்மஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே நகரம். மேசையில் கையை எங்கே வைப்பது என்ற சின்னச் சின்ன விதிகள் வழியாக, மனிதர்களின் கூச்சமும் தன்னடக்கமும் நூற்றாண்டுகளில் எப்படி மாறின என்று அதில் காட்டினார். அவர் அதை எழுதி முடித்த சில ஆண்டுகளில் அவருடைய தாயை நாஜிகள் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நூல் முப்பது ஆண்டுகள் அதிகம் பேசப்படாமல் கிடந்து, 1969 மறுபதிப்புக்குப் பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றது.

எலியாஸின் வாசிப்பை எல்லாரும் ஏற்கவில்லை. ஹான்ஸ் பீட்டர் டூயர் என்ற ஜெர்மன் மானிடவியலாளர் 1988 முதல் ஐந்து தொகுதிகள் எழுதி, கூச்சம் என்பது எல்லாக் காலத்திலும் எல்லாச் சமூகங்களிலும் இருந்ததே என்று வாதிட்டார். பயனுள்ள சண்டைதான். ஆனால் இரு தரப்பும் எராஸ்மஸின் நூலைப் பெரியவர்களின் சமூகத்துக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கின்றன. அது ஒரு பிள்ளையிடம் பேசுகிறது என்பது இந்த விவாதத்தில் நழுவிப் போகிறது.

அந்தப் பிள்ளையிடம் நூல் கடைசியாகச் சொல்வது இது: பிறர் குறைகளை எளிதில் மன்னித்துவிடு, உன் நண்பனுக்கு நடத்தை போதவில்லை என்பதற்காக அவனைக் குறைவாக நேசிக்காதே, நடத்தையில் பின்தங்கியவர்கள் வேறு திறமைகளால் அதை ஈடுசெய்கிறார்கள். தெரியாமல் அவன் பெரிதாக ஏதாவது தவறு செய்தால், தனியாக அழைத்து, மென்மையாகச் சொல். இவ்வளவு விதிகளையும் பழகி முடித்த சிறுவன் அவற்றைக் கொண்டு மற்றவர்களை அளக்கத் தொடங்கிவிடுவான் என்று எராஸ்மஸுக்குத் தெரிந்திருந்தது. அதற்கான மருந்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்தார். இருநூறு ஆண்டு கழித்து வாஷிங்டனின் ஏட்டில் 45-ஆவது விதியாக இதன் சாயல் இருக்கிறது: ஒருவரைத் திருத்த நேர்ந்தால் சபையிலா தனிமையிலா என்று யோசி, கோபம் காட்டாதே.

எராஸ்மஸின் படைப்புகள் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவரும் டொரோன்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம், கல்வி பற்றிய அவருடைய நூல்களை 1985-இல் 25, 26 ஆகிய தொகுதிகளில் வெளியிட்டது. நடத்தை நூலோடு, அதற்கு ஓராண்டு முன் 1529-இல் வெளியான குழந்தைக் கல்வி பற்றிய நூலும் அங்கே இருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் அடி உதைக்கு எதிராக எழுதப்பட்ட மிக ஆவேசமான நூல் அது. தன்னை நேசித்த ஆசிரியர் ஒருவரே, தான் எவ்வளவு தாங்குகிறேன் என்று பார்ப்பதற்காகச் செய்யாத குற்றத்தைச் சாட்டி அடித்ததையும், அதனால் படிப்பின்மேல் இருந்த ஆசையே அற்றுப்போய்க் காய்ச்சலில் விழுந்ததையும் எராஸ்மஸ் அதில் எழுதுகிறார். தாயிடமிருந்து புதிதாக வந்த பத்து வயதுப் பையன் ஒருவனை, எந்தத் தவறும் செய்யாதபோது, பணிவு வர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மயங்கும்வரை அடித்த கதையும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நடத்தை நூலின் ஓர் அம்சம் உடனே கண்ணில் படும். கண் முதல் படுக்கையறை வரை ஏழு பகுதிகள் இருக்கின்றன. விதியை மீறினால் என்ன தண்டனை என்று சொல்ல ஒரு பகுதி இல்லை.